பழுதான கோப்பு என்று திருப்பி அனுப்பாதீர்கள்

ஆசிரியருக்கு,

ஐயா,

யாழ்ப்பாணத்துக் கொமினிக்கேசன் எனப்படும் தொலைபேசி, போட்டோக்கொப்பிக் கடைகளிலும் சிறு அச்சகங்களிலும் பென் டிரைவோடு போகிறவர்களுக்கு அடிக்கடி கிடைக்கும் பதில்: "இது திறக்குதில்லை, பைல் பழுது." கோப்பின் பெயருக்குப் பின்னால் பிஆர்என் அல்லது பிஎஸ் என்று இருந்தால் அந்தப் பதில் அநேகமாக நிச்சயம். ஆனால் பெரும்பாலான வேளைகளில் கோப்பில் பழுது எதுவும் இருப்பதில்லை. அது திறந்து வாசிப்பதற்காகச் செய்த கோப்பே அல்ல. கம்பி வழியாகப் பிரின்டருக்குப் போகவேண்டியதை இடையில் மறித்துக் கோப்பாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கணினியில் பிரின்ட் கொடுத்ததும் அந்தப் பிரின்டருக்குரிய டிரைவர் என்ற மென்பொருள் நமது பக்கத்தைப் பிரின்டருக்கு விளங்கும் மொழிக்கு மாற்றுகிறது. வழமையாக அது நேராக யுஎஸ்பி வழியே போய்விடும். பிரின்ட் பெட்டியில் "பிரின்ட் டு ஃபைல்" என்ற இடத்தில் சரி போட்டிருந்தால், அல்லது பிரின்டரின் போர்ட் (தரவு வெளியேறும் வாயில்) "ஃபைல்" என்று வைக்கப்பட்டிருந்தால், அதே தரவு ஒரு கோப்பாகச் சேமிக்கப்படும். எத்தனை பிரதி, எந்தத் தட்டு, இரண்டு பக்கமா ஒரு பக்கமா என்பதெல்லாம் அதற்குள்ளேயே பதிந்துவிடும். இதைச் சொடுக்கினால் "எதைக் கொண்டு திறப்பது" என்று விண்டோஸ் கேட்கும். யாராவது நோட்பேட்டைக் காட்டிவிடுவார்கள். அங்கே குப்பை எழுத்துகள் நிறையும். அதைப் பார்த்தபின்னும் அங்கிருந்தே பிரின்ட் கொடுத்தால் ஒரு கட்டுத் தாள் வீண்.

முதலில் செய்யவேண்டியது, கோப்பு எந்த மொழியில் இருக்கிறது என்று அறிவது. நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற ஒரு செயலியில் திறந்து மேலே உள்ள சில வரிகளை மட்டும் பாருங்கள். பார்த்தபின் சேமிக்காமல் மூடுங்கள். சாதாரண நோட்பேட்டில் திறந்து சேமித்தால் கோப்புக்குள் இருக்கும் படத் தரவு சிதைந்து, அதுவரை பழுதில்லாதது உண்மையிலேயே பழுதாகிவிடும்.

முதல் வரி விழுக்காட்டுக் குறி, ஆச்சரியக்குறி, அடுத்து பி, எஸ் என்று தொடங்கினால் அது போஸ்ட்ஸ்கிரிப்ட். 1984இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட மொழி. 1985இல் வந்த அப்பிள் லேசர்ரைட்டர் அதைப் பாவித்தது, பின்னர் உலகின் அச்சகங்கள் பலவும் அதிலேயே ஓடின. விழுக்காட்டுக் குறியை அடுத்து பிடிஎஃப் என்று இருந்தால் அது வெறும் பிடிஎஃப்தான். பெயரின் கடைசிப் பகுதியை மாற்றிவிட்டு வழமைபோலத் திறக்கலாம். பி, கே என்ற இரண்டு பெரிய எழுத்துகளில் தொடங்கினால் அது சுருக்கிய ஒரு பொதி. பிரின்ட் வழியாக வந்ததென்றால் எக்ஸ்பிஎஸ் ஆக இருக்கலாம், மைக்ரோசொப்டின் எக்ஸ்பிஎஸ் வியூவரில் திறக்கும். விண்டோஸ் 10இல் அதை "ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ்" பகுதியில் தேடி நிறுவிக்கொள்ளலாம்.

"பிஜேஎல்" என்ற சொல் @ குறியோடு தொடக்கத்திலேயே பல தடவை வந்தால் இன்னும் நல்லது. அது எச்பி நிறுவனம் உண்டாக்கிய முகவுரை. இப்போது வேறு நிறுவனங்களின் பெரிய கொப்பி இயந்திரங்களும் அதை விளங்கிக்கொள்ளும். அந்த வரிகளில் "என்டர் லாங்குவேஜ்" என்று ஒன்று இருக்கும். அதன் சமன்குறிக்கு வலப்பக்கம் பார்த்தால் உள்ளே இருப்பது போஸ்ட்ஸ்கிரிப்டா, எச்பியின் பிரின்டர் மொழியான பிசிஎல்லா, அதன் இன்னொரு வடிவமான பிசிஎல்எக்ஸ்எல்லா என்று எழுதியே இருக்கும். வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை. எப்சன் டொட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்கான கோப்பு பெரும்பாலும் எஸ்கேப் குறியும் அதை அடுத்து @ உம் கொண்டு தொடங்கும். இவற்றில் எதுவும் இல்லை, ஆங்கிலச் சொல் ஒன்றுகூடத் தெரியவில்லை என்றால் அது அந்த ஒரு மாதிரிக்கென்றே உள்ள தனி மொழியாக இருக்கக்கூடும். கெனன் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 போன்ற சிறிய லேசர் பிரின்டர்களுக்குப் போஸ்ட்ஸ்கிரிப்டும் தெரியாது, பிசிஎல்லும் தெரியாது. அப்படியான பிரின்டருக்கென்று செய்த பிஆர்என் கோப்பை வேறு கடையில் அடிக்க நினைப்பது வீண் அலைச்சல். மூலக் கோப்புக்கே திரும்பிப் போவதுதான் வழி.

மொழி தெரிந்தது, அந்த மொழி விளங்கும் பிரின்டரும் கடையில் இருக்கிறது. இனி கோப்பைத் திறக்காமலே அனுப்பவேண்டும். விண்டோஸில் இதற்குப் பழைய வழி ஒன்று இன்றும் எடுபடுகிறது. பிரின்டர் புரொப்பர்ட்டீஸில் "ஷெயரிங்" என்ற தாவலுக்குப் போய்ப் பிரின்டரைப் பகிருங்கள். பகிர்வுப் பெயர் இடைவெளியில்லாத ஒரே ஆங்கிலச் சொல்லாக இருக்கட்டும். பிறகு சிஎம்டி என்ற கட்டளைச் சாளரத்தைத் திறக்கவேண்டும். பத்திரிகைப் பத்தியில் கட்டளையை அப்படியே அச்சிட்டால் குறியும் இடைவெளியும் இடம்மாறிவிடும் என்பதால் வாயால் சொல்வதுபோலவே எழுதுகிறேன்: "கொப்பி" என்ற ஆங்கிலச் சொல், இடைவெளி, முன்சாய்கோடும் அதை ஒட்டி பி எழுத்தும், இடைவெளி, கோப்பின் பெயர், இடைவெளி, பின்சாய்கோடு இரண்டு, கணினியின் பெயர், பின்சாய்கோடு ஒன்று, பகிர்வுப் பெயர். கணினியின் பெயர் தெரியாவிட்டால் அதே சாளரத்தில் "ஹோஸ்ட்நேம்" என்று அடித்தால் வரும். கோப்பின் பெயருக்குள் இடைவெளி இருந்தால் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போடவேண்டும். ஒரு கோப்பு கொப்பி செய்யப்பட்டது என்று பதில் வந்ததும் பிரின்டர் ஓடத் தொடங்கும்.

அந்த முன்சாய்கோடு பி ஏன் என்று பலர் கேட்பதுண்டு. அது இல்லாவிட்டால் கோப்பை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு, 26 என்ற பெறுமானமுள்ள பைட் வந்த இடத்தில் கோப்பு முடிந்துவிட்டது என்று கணினி நிறுத்திவிடக்கூடும். படங்கள் உள்ள கோப்பில் அந்த பைட் எங்கேயும் வரலாம். பாதிப் பக்கம் அடித்து நின்றுபோகும் பிரச்சினைக்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு பொறி: விண்டோஸ் 11இல் வலச்சொடுக்கில் வரும் டெர்மினல் பெரும்பாலும் பவர்ஷெல்லைத் திறக்கும். பவர்ஷெல்லில் அதே கொப்பிச் சொல் வேறு கட்டளையைக் குறிக்கிறது, முன்சாய்கோடு பி அங்கே செல்லாது. சிவப்பில் பிழை வந்தால் கோப்பைக் குறைசொல்லாமல் சிஎம்டிக்கு மாறுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு தொல்லை இல்லை. எல்பி கட்டளையோடு "ரோ" என்ற தெரிவைக் கொடுத்தால் போதும்.

(இதே குடும்பத்தில் ஒரு வேடிக்கை: பிஆர்என் என்ற மூன்று எழுத்தை மட்டும் முழுப் பெயராக வைத்து ஒரு கோப்பைச் சேமித்துப் பாருங்கள். விண்டோஸ் விடாது. டொஸ் காலத்திலிருந்து அது பிரின்டருக்கென்று ஒதுக்கிய பெயர்.)

மொழி பொருந்தாத பிரின்டருக்கு அனுப்பிவிட்டால் என்ன நடக்கும்? போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பை பிசிஎல் மட்டும் தெரிந்த பிரின்டருக்குக் கொடுத்தால் அது நிரல் வரிகளையே எழுத்தாக அடித்துத் தள்ளும். முதல் தாளின் தலையில் விழுக்காட்டுக் குறியும் ஆச்சரியக்குறியும் தெரிந்தால் உடனே தாள் தட்டை வெளியே இழுத்துவிட்டுப் பிரின்டரை நிறுத்துங்கள். திரும்பப் போட்டதும் மீண்டும் தொடங்கினால் வேலை கணினியின் ஸ்பூலில், அதாவது அச்சுக்குக் காத்திருக்கும் வரிசையில், தங்கியிருக்கிறது என்று பொருள். "சேர்விசஸ்" பட்டியலில் பிரின்ட் ஸ்பூலரை நிறுத்தி, விண்டோஸ் அடைவுக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரின்டர்ஸ் என்ற அடைவில் உள்ளவற்றை அழித்துவிட்டு ஸ்பூலரைத் திரும்பத் தொடக்கினால் அடங்கும்.

பிரின்டருக்கு அனுப்பும் முன் கண்ணால் பார்க்கவேண்டும் என்றாலும், கடையில் போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரின்டரே இல்லை என்றாலும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருள் வேண்டும். 1988இல் தொடங்கியது, இன்றும் புதிய பதிப்புகள் வருகின்றன. அதை நிறுவியபின் சுமாத்ரா பிடிஎஃப் என்ற சிறிய வாசிப்புச் செயலியையும் நிறுவினால் பிஎஸ் கோப்பு சொடுக்கியதும் திறக்கும். பிசிஎல் கோப்புகளுக்கு கோஸ்ட்ஸ்கிரிப்டை ஆக்குகிறவர்களின் கோஸ்ட்பிசிஎல் இருக்கிறது. மெக் கணினியில் ப்ரிவியூ செயலி முன்னர் பிஎஸ் கோப்பைத் தானாகவே பிடிஎஃப் ஆக்கிக் காட்டும். 2022இல் வந்த வென்ச்சுரா முதல் அந்த வசதி எடுக்கப்பட்டுவிட்டது.

கோஸ்ட்ஸ்கிரிப்டின் பழைய பதிப்பை எங்கேயாவது சீடியில் கண்டு நிறுவவேண்டாம். போஸ்ட்ஸ்கிரிப்ட் என்பது வெறும் பக்கம் அல்ல, ஓடுகிற நிரல். கெட்ட எண்ணத்தோடு எழுதிய பிஎஸ் கோப்பு கணினியிலுள்ள வேறு கோப்புகளைத் தொடலாம். 9.50 பதிப்பிலிருந்து அதற்கான பாதுகாப்பு இயல்பாகவே போடப்பட்டிருக்கிறது. இதே அச்சத்தால்தான் மைக்ரோசொப்ட் 2017இல் வேர்டுக்குள் இபிஎஸ் என்ற போஸ்ட்ஸ்கிரிப்ட் வகைப் படம் சேர்ப்பதையும் நிறுத்தியது. பாடசாலை இலச்சினையை இபிஎஸ் ஆக வைத்துக்கொண்டு வேர்டில் வரவில்லையே என்று தேடுகிறவர்கள் அதைப் பிஎன்ஜி ஆகவோ எஸ்விஜி ஆகவோ மாற்றிக்கொள்ளவேண்டியதுதான்.

பிஎஸ் கோப்பை பிடிஎஃப் ஆக்க கோஸ்ட்ஸ்கிரிப்டோடு வரும் "பிஎஸ்2பிடிஎஃப்" என்ற கட்டளை போதும்: கட்டளை, இடைவெளி, பழைய கோப்பின் பெயர், இடைவெளி, புதிய கோப்பின் பெயர். அது "லிப்" அடைவுக்குள் இருக்கும். "பின்" அடைவையும் "லிப்" அடைவையும் கணினி கட்டளைகளைத் தேடும் பாத் பட்டியலில் சேர்க்காவிட்டால் கட்டளை தெரியாது என்று சொல்லும். இங்கே நமக்குப் பெரும்பாலும் வருகிற சிக்கல் தாளின் அளவு. நாம் பாவிப்பது ஏ4, அதாவது 595க்கு 842 புள்ளி (ஒரு புள்ளி என்பது அங்குலத்தின் 72இல் ஒரு பங்கு). கோஸ்ட்ஸ்கிரிப்ட் தானாக எடுத்துக்கொள்வது பல நிறுவல்களில் அமெரிக்க லெட்டர் அளவு, 612க்கு 792 புள்ளி. கோப்புக்குள் தாளின் அளவு சொல்லப்படவில்லை என்றால், பக்கத்தின் அளவை அது கீழ் இடமூலையிலிருந்து எண்ணுவதால் மேலே 50 புள்ளி, ஏறக்குறைய 18 மில்லிமீற்றர், வெட்டுப்படும். தலைப்பு வரி காணாமற்போன பிடிஎஃப்களுக்கு இதுவே காரணம். கட்டளையில் "பேப்பர்சைஸ்" என்ற தெரிவை ஏ4 என்று கொடுத்தால் சரியாகும். அதிலும் ஒரு நுணுக்கம்: விண்டோஸில் இந்தக் கட்டளை ஒரு பட்ச் கோப்பு, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு. சமன்குறியைப் போட்டால் விண்டோஸ் அதை இடைவெளிபோல எடுத்து விழுங்கிவிடும். சமன்குறி வரவேண்டிய இடத்தில் # குறியைப் போடவேண்டும். அச்சகத்துக்கு மாற்றுவதானால் "பிடிஎஃப்செட்டிங்ஸ்" தெரிவை "பிரிப்பிரஸ்" என்று வையுங்கள், படங்கள் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் நிற்கும். "ஸ்கிரீன்" என்று வைத்தால் 72க்கு இறங்கிவிடும், கோயில் கோபுரத்தின் படம் தாளில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

மாற்றும்போது பிழை காட்டி நின்றால் முதலில் சந்தேகப்படவேண்டியது கோப்பின் தலையும் வாலும். விண்டோஸ் டிரைவர்கள் சில, போஸ்ட்ஸ்கிரிப்ட் வரிக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியையோ பிஜேஎல் வரிகளையோ போட்டுவிடும். கோப்பின் ஒரு பிரதியை எடுத்து, நோட்பேட் பிளஸ் பிளஸில் திறந்து, விழுக்காட்டுக் குறியும் ஆச்சரியக்குறியும் கொண்ட வரிக்கு முன்னுள்ளவற்றையும், கடைசியில் ஈஓஎஃப் என்று வரும் வரிக்குப் பின்னுள்ளவற்றையும் மட்டும் நீக்கிவிட்டுச் சேமியுங்கள். இடையில் ஓர் எழுத்தைக்கூடத் தொடக்கூடாது.

தமிழுக்கென்று தனியாக ஒரு தலையிடி இருக்கிறது, எழுத்துரு. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில் பாமினி எழுத்துருவில் செய்த கோப்புகள் நம்மிடையே இன்னும் ஏராளம். போஸ்ட்ஸ்கிரிப்டாக எழுதும்போது எழுத்துருவையும் உள்ளே சேர்க்கும்படி சொல்லியிருந்தால் பிடிஎஃப் வடிவாக வரும். சேர்க்காமல் விட்டிருந்தால் கோஸ்ட்ஸ்கிரிப்ட் தன்னிடமுள்ள ஆங்கில எழுத்துருவை அந்த இடத்தில் போடும். "அம்மா" என்று வரவேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள் நிற்கும். ஏனென்றால் பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. இதற்கும் கோப்பை எறியவேண்டியதில்லை. அதே பாமினி எழுத்துருவை ஓர் அடைவில் வைத்து, "ஃபொன்ட்பாத்" என்ற தெரிவில் அந்த அடைவைக் காட்டி மறுபடி மாற்றிப் பாருங்கள். சரியாக வந்தபின்னும் அந்த பிடிஎஃப்பில் ஒரு பந்தியைக் கொப்பி செய்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பைதான் வரும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். தாளில் அடிப்பதற்கு அதனால் பாதகமில்லை.

யுனிகோட்டில் எழுதுகிறவர்களுக்கும் விலக்கில்லை. வேர்ட் கோப்பை அப்படியே கடைக்குக் கொண்டுபோனால், அங்கே அந்த எழுத்துரு இல்லாதபோது விண்டோஸ் நிர்மலா போன்ற வேறொன்றைப் போடும். வரி நீளும், 4 பக்க வினாத்தாள் 5 பக்கமாகும். பழைய கணினிகளில் இயல்பாக இருந்த லதா எழுத்துருகூட விண்டோஸ் 10இல் மேலதிக எழுத்துருத் தொகுப்பாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. ஆகவே வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு போவதே நல்லது. வேர்டில் "சேவ் அஸ்" கொடுத்து பிடிஎஃப் தெரிந்தபின் "ஒப்ஷன்ஸ்" உள்ளே பிடிஎஃப்/ஏ (நெடுங்காலம் பேணுவதற்கான பிடிஎஃப் வகை) என்பதற்குச் சரி போட்டால் எழுத்துருக்கள் முழுவதும் உள்ளே வரும். வந்ததா என்று பார்ப்பதும் எளிது: அக்ரோபட் ரீடரில் புரொப்பர்ட்டீஸ் திறந்து "ஃபொன்ட்ஸ்" தாவலில் ஒவ்வோர் எழுத்துருவின் பெயருக்கும் பக்கத்தில் "எம்பெடட்" என்று இருக்கவேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் கடைக்குப் போகமுன் திருத்துங்கள்.

அளவு பிசகுவதற்குக் கோப்புக் காரணமில்லாமலும் இருக்கலாம். ரீடரின் பிரின்ட் பெட்டியில் "ஃபிட்" என்று இருந்தால் பக்கம் சில விழுக்காடு சுருங்கும். கடிதத்துக்குப் பரவாயில்லை. விண்ணப்பப் படிவம், விடைத்தாள், ஏற்கெனவே அச்சிட்ட பற்றுச்சீட்டின் கோடுகளுக்குள் விழவேண்டிய எழுத்து என்றால் "அக்சுவல் சைஸ்" தெரிந்தெடுக்கவேண்டும். ஐயமிருந்தால் பக்கத்தின் ஓரத்தில் 10 சென்ரிமீற்றர் கோடு ஒன்று போட்டு அடித்து அடிமட்டத்தால் அளந்து பாருங்கள்.

கல்வெட்டு எனப்படும் இறந்தவர் நினைவு மலர், திருவிழாப் பிரசுரம், பாடசாலை மலர் என்று, தகடு வைத்து அடிக்கும் ஓஃப்செட் அச்சுக்குப் போகிறவற்றுக்கு இவற்றோடு இன்னும் சில உண்டு. நிறமோ படமோ தாளின் விளிம்புவரை போனால் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீற்றர் கூட விடுங்கள். இல்லையென்றால் கத்தி அரை மில்லிமீற்றர் விலகினாலும் வெள்ளைக் கீற்றுத் தெரியும். கறுப்பு எழுத்து கறுப்பு மையில் மட்டும் 100 விழுக்காடாக இருக்கட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பில் சிறிய எழுத்தை அடித்தால், தகடுகள் மயிரிழை விலகினாலே எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசியும். நடுவில் பின் அடிக்கும் புத்தகமானால் மொத்தப் பக்கம் 4ஆல் வகுபடவேண்டும். பக்கங்களை 1, 2, 3 என்று ஒற்றை ஒற்றையாகவே கொடுங்கள். மடிப்புக்கு ஏற்ப அடுக்குவது அச்சகத்தின் வேலை. வீட்டிலிருந்து அடுக்கிக்கொண்டு வந்தால் அதைப் பிரித்தெடுக்கவே அரை நாள் போகும். கோரல்ட்ரோ என்ற வரைகலை மென்பொருளின் மூலக் கோப்பை மட்டும் கொண்டுபோனால், அங்கே பழைய பதிப்பு இருக்கும்போது திறக்காது. எழுத்தை வளைகோடாக்கிய ஒரு பிடிஎஃப்பும் கூட இருக்கட்டும்.

பிஆர்என் கோப்பாகவே கொண்டுவரச் சொல்லும் இடங்களும் உண்டு. அப்போது அங்கே உள்ள இயந்திரத்தின் அதே மாதிரிக்குரிய டிரைவரை உங்கள் கணினியில் நிறுவவேண்டும். இயந்திரம் உங்களிடம் இருக்கத் தேவையில்லை, போர்ட்டை "ஃபைல்" என்று வைத்தால் போதும். பிரதி எண்ணிக்கையை 1 என்று வையுங்கள். 200 என்று வைத்துச் சேமித்துவிட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்க்க அனுப்பினாலும் 200 வரும்.

மலர்க் குழுக்களுக்கும் அச்சகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அந்தக் காலத்து மலர்கள் பல இன்று ஒரு சீடியில் பிஎஸ் கோப்பாக மட்டுமே மிஞ்சியிருக்கக்கூடும். எழுதும் சீடியின் சாயப்படை காலத்தால் கெடுவது. இப்போதே கணினிக்கு இறக்கி மேலே சொன்னபடி பிடிஎஃப் ஆக்கி, ஒரு பிரதியை நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்கும் கொடுக்கலாம். மாற்றியபின் பக்கங்கள் முழுவதும் வந்தனவா என்பதைப் பிஎஸ் கோப்பே சொல்லும். அதன் தலைப்பகுதியில் விழுக்காட்டுக் குறி இரண்டோடு "பேஜஸ்" என்று ஒரு வரி இருக்கும், பக்கத்திலேயே எண். அந்த இடத்தில் "அட் என்ட்" என்று அடைப்புக்குள் இருந்தால் எண் கோப்பின் கடைசி வரிகளில் இருக்கிறது. கடைசியிலும் அது இல்லை, ஈஓஎஃப் வரியும் இல்லை என்றால் கோப்பு சீடிக்கு ஏறும்போதே பாதியில் அறுந்திருக்கிறது. பழுது என்று சொல்லவேண்டிய கோப்பு அதுதான்.

இப்படிக்கு,
கணினி அச்சமைப்பாளர் ஒருவர்,
கொக்குவில்.